பூல் மேசையின் மூலைகள் மட்டும் இருட்டாக இருந்தால்

பல்பின் வாட்டைக் கூட்டிப் பயனில்லை. மேசைக்கு மேலே நடுவில் ஒற்றை பல்பு மட்டும் தொங்கினால், எட்டடி மேசையில் பந்து விழும் மூலைக் குழிகள் இருட்டாகத்தான் இருக்கும். ஆட்டப்பரப்பு 88 அங்குல நீளம், 44 அங்குல அகலம். ஒரே புள்ளியிலிருந்து ஒளி வந்தால் ஓரத்துப் பந்துகளின் நிழல் நீண்டு விழும். நான்கடி எல்.இ.டி. பேட்டன் (டியூப்லைட் போன்ற நீள விளக்கு) இரண்டை நீளவாக்கில், பக்கம் பக்கமாக ஒன்றரை அடி இடைவெளியில் தொங்கவிடுங்கள். பால்நிற மூடி இருப்பதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் குனிந்து குறிபார்க்கும்போது கண் கூசும்.

மேசைத் துணியிலிருந்து விளக்கின் அடிவரை 32 முதல் 36 அங்குலம் போதும். உலக பூல் சங்கம் மேசையில் 520 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) கேட்கிறது. வீட்டுக்கு அவ்வளவு கறார் வேண்டாம்.

துளை போடுவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மூலைக்கொரு பந்து வைத்து நிழலைப் பாருங்கள். அறையின் நடுவை விடுங்கள், மேசையின் நடுவுக்குத் தூக்குக்குண்டு பிடியுங்கள். நான் இதில் சறுக்கி, ஒரு பக்கம் மங்கலாகவே ஆடினேன்.

அப்புறம், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் நேரடியாக மாட்டாதீர்கள். கொக்கி கான்கிரீட்டில் இறங்க வேண்டும். மின்விசிறி விளக்குக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் இறக்கைகளின் நிழல் துணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.