மிருக வைத்தியர் பதில்கள்: பின்வளவுக்கு வரும் கயோட்டியும் வேலிப் பொட்டால் வரும் நரியும்

கேள்வி: எனது மகள் கனடாவில், ஸ்காபரோவின் கிழக்குப் பகுதியில், றூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு அண்மையில் குடும்பத்துடன் வசிக்கிறாள். வருகிற சித்திரையில் அங்கு சென்று ஆறு மாதம் தங்கவிருக்கிறேன். அவர்களிடம் ஆறு கிலோ நிறையுள்ள சிறிய நாயொன்றும் பூனையொன்றும் உள்ளன. மகளும் மருமகனும் வேலைக்குச் சென்ற பின்னர் அவற்றைப் பார்ப்பது என் பொறுப்பாக இருக்கும். சென்ற மாதம் அயல்வீட்டாரின் நாய்க்குட்டியைக் ‘கயோட்டி’ என்ற விலங்கு பின்வளவிலிருந்தே கவ்விச் சென்றுவிட்டதாம். அது எத்தகைய விலங்கு? நான் எவ்வாறு கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகி, கோண்டாவில்

பதில்: அம்மா, கயோட்டி என்பது நாய், ஓநாய், நம்மூர் நரி ஆகியவற்றோடு ஒரே இனக் குழுவைச் சேர்ந்த வட அமெரிக்க விலங்கு. எங்கள் நரி பத்துக் கிலோவைச் சுற்றியே நிற்கும். ஒன்ராறியோவில் வாழும் கயோட்டியோ ஓநாய்க் கலப்பு உள்ளதாகையால் சற்றுப் பெரியது, பெரும்பாலும் 13 முதல் 20 கிலோ வரை இருக்கும். மகனிடம் சென்று தங்கியிருந்த நாட்களில் ஒரு விடியற்காலை, வீட்டின் பின்னால் ஓடும் சிற்றாற்றின் கரையில் ஒன்றை நானே நேரில் கண்டேன். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், கூரிய முகம், உடலுக்குப் பெரிதாகத் தோன்றும் நிமிர்ந்த காதுகள், நுனி கறுத்துக் கீழ்நோக்கித் தொங்கிய அடர்ந்த வால். மஞ்சள் கண்களால் என்னை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பற்றைக்குள் நடந்து மறைந்தது. எலியும் முயலும் பழங்களுமே அதன் பிரதான உணவு. ஆனால் ஆறு கிலோ நிறையுள்ள நாய்க்கும் முயலுக்கும் அதன் கண்ணில் பெரிய வேறுபாடு கிடையாது.

நீங்கள் போகும் காலத்தை முதலில் கவனத்திற் கொள்ள வேண்டும். கயோட்டிகள் தை, மாசி மாதங்களில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சினைக்காலத்தின் பின்னர், சித்திரை, வைகாசியில் குட்டி ஈனுகின்றன. குட்டிகளுக்கு இரை தேடவேண்டியிருப்பதால் அக்காலத்தில் பகலிலும் நடமாடும். குட்டியுள்ள வளைக்கு அருகே நாயொன்று வந்தால், அது பெரிய நாயாக இருந்தாலும் எதிர்த்து நிற்கும். சிலவேளை தாக்காமலே உங்களைப் பின்தொடர்ந்து வந்து, அதன் எல்லையை நீங்கள் கடந்ததும் திரும்பிச் செல்லும். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்கள் ஆற்றோரப் பாதையையும் பற்றைகளையும் தவிர்த்து, வீதியோர நடைபாதையில் மாத்திரம் நாயைக் கூட்டிச் செல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்கு மனவருத்தம் தரலாம். ஆயினும் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம். உண்டு மிஞ்சிய சோற்றைக் கோடிப்புறத்தில் காகத்துக்கும் தெருநாய்க்கும் வைப்பது, மீன் தலையையும் செதிலையும் வாழையடியில் தாழ்ப்பது, நாய்ச்சட்டியை விறாந்தையில் அப்படியே விட்டுவிடுவது ஆகியவை நாம் பிறந்தது முதல் கண்டு பழகிய நல்ல வழக்கங்கள். அவற்றை அந்தப் பின்வளவில் செய்தால், கயோட்டிக்கு நாள்தோறும் அழைப்பு வைப்பதாகிவிடும். மனிதர் வாழும் இடத்தில் இரை கிடைக்கும் என்று ஒருமுறை பழகிய விலங்கு மனிதரைக் கண்டு ஒதுங்குவதை மறந்துவிடுகிறது. அயல்வீட்டு நாய்க்குட்டிக்கு நேர்ந்ததைப் போன்ற சம்பவங்களின் பின்னால் மிகப் பெரும்பாலும் யாரோ ஒருவர் வைத்த உணவு இருக்கும். ரொறன்ரோ மாநகரச் சட்டமும் வனவிலங்குகளுக்கு உணவிடுவதைத் தடைசெய்கிறது. நீங்கள் அங்கு நிற்கும் காலத்திலேயே புரட்டாதிச் சனியும் வருகிறது. விரதச் சோற்றை வீட்டுக்குள் படைத்துவிட்டு, பசித்த ஒருவருக்குக் கொடுங்கள். அதனால் விரதத்தின் பலன் குறையாது என்றே நம்புகிறேன். மரக்கறிக் கழிவும் மீன் கழிவும் அவர்களுடைய பச்சைத் தொட்டிக்குள் போய், அதன் மூடி பூட்டப்பட வேண்டும். மரத்தின் கீழ் விழுந்து கிடக்கும் அப்பிள், பேரிக்காய்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். குருவிகளுக்குத் தானியம் தொங்கவிட்டிருந்தால் நிலத்தில் சிந்துவதைக் கூட்டி அள்ளுங்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குக் கயோட்டி வரும்.

நாயைப் பொறுத்தவரையில், கதவைத் திறந்து “போய்விட்டு வா” என்று விடும் பழக்கம் கூடவே கூடாது. வேலி இருந்தாலும் நீங்களும் உடன் இறங்கி நில்லுங்கள். தனியே நிற்கும் சிறிய நாயைத் தூக்கிச் செல்லக் கயோட்டிக்குச் சில நொடிகளே போதும். அருகில் ஆள் நிற்கும்போது அது பெரும்பாலும் துணியாது. விடியற்காலையிலும் இருளிலும் இறங்க நேர்ந்தால் முதலில் வெளிவிளக்கைப் போட்டு, வளவை ஒருமுறை பார்த்த பின்னரே நாயை விடுங்கள். வீதியில் கூட்டிச் செல்லும்போது கைப்பட்டி இரண்டு மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. இழுக்க இழுக்க நீளும் சுருள்பட்டிகள் அங்கு பலரிடம் உண்டு; அவற்றை நான் விரும்புவதில்லை. ஐந்து மீற்றருக்கு அப்பால் நிற்கும் நாயை ஆபத்து நேரத்தில் உங்களால் இழுத்தெடுக்க முடியாது. அந்த மெல்லிய கயிறு கையையும் வெட்டும்.

எதிரே கயோட்டி வந்துவிட்டால் உடனே நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். ஓடினால்தான் துரத்தும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாய்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது இங்கும் அப்படியே பொருந்தும். நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, உரத்த குரலில் அதட்டுங்கள். கையில் குடை இருந்தால் அதன் முகத்துக்கு நேரே சட்டென்று விரியுங்கள். அளவில் பெரிதாகத் தோன்றும் எதையும் அது விரும்பாது. வெற்றுப் பால்மாப் பேணியொன்றுக்குள் பத்து நாணயங்களைப் போட்டு வாசலில் வைத்திருந்து குலுக்குவதும் பயன் தரும். அது விலகிச் செல்லும் வரை அதட்டலை நிறுத்தாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்கி வீட்டுக்கு வாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டால், சத்தத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று அது கற்றுக்கொண்டுவிடும். உங்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வட அமெரிக்கா முழுவதிலும் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டே சம்பவங்கள்: 1981இல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009இல் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இளம்பெண். இருப்பினும் சிறு பேரப்பிள்ளைகளைத் தனியே பின்வளவில் விளையாட விட வேண்டாம்.

பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். இதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

வேலி அமைப்பது மருமகனின் வேலை. ஆறடிக்குக் குறையாத உயரம் வேண்டும்; உச்சியில் உருளும் குழாய் பொருத்தினால் கால் பிடிமானம் கிடைக்காமல் கயோட்டி வழுக்கி விழும். அடியில் கம்பிவலையை ஓரடி ஆழம் வரை தாழ்த்து, வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். ஏனெனில் அது தாவுவதைப் போலவே தோண்டவும் வல்லது.

கடைசியாக ஒன்று. எல்லாக் கவனத்தையும் மீறிக் கடிபட்டுவிட்டால், வெளியே தெரியும் காயத்தைக் கொண்டு முடிவுக்கு வரவேண்டாம். பெரிய நாய் கடித்துக் குலுக்கிய சிறிய நாய்களை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மயிரை விலக்கினால் மிளகளவு இரண்டு துளைகள். இரத்தமும் அதிகம் இராது. ஆனால் விரலால் அழுத்தினால் தோல் தசையிலிருந்து கழன்று பை போல அசையும். உள்ளே தசை நசிந்திருக்கும், சிலவேளை விலா எலும்பும் முறிந்திருக்கும். கயோட்டியின் கடியும் அத்தகையதே. நாய் எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளுக்கு விசர்நோய்த் தடுப்பூசி கட்டாயம். அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மகளிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

கேள்வி: நான் ரொறன்ரோவில் வசிப்பவன், யாழ்ப்பாணத்திலுள்ள பெற்றோர் அனுப்பிவைக்கும் உங்கள் இதழை வாசிப்பவன். இந்தக் கயோட்டிகளைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: தீராது. பிடித்த வனவிலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதற்கு ஒன்ராறியோச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படியே கொண்டுபோனாலும் அறியாத நிலத்தில் அது பிழைப்பது அரிது. வெறுமையான எல்லைக்குள் வேறொரு சோடி வந்து குடியேறும். மனிதரை நெருங்கிப் பழகிவிட்ட தனி விலங்கின் நிலை வேறு. 2024–2025 குளிர்காலத்தில் ரொறன்ரோவின் லிபர்ட்டி வில்லேஜ், ஃபோர்ட் யோர்க் பகுதிகளில் சிறிய நாய்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டபோது, விரட்டும் முயற்சிகள் பலனளிக்காமற் போக, இரண்டு கயோட்டிகள் கொல்லப்பட்டன. அந்நிலை வராதிருக்க வேண்டுமானால், பயமின்றி நெருங்கும் கயோட்டியைக் கண்டதும் 311 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிடுங்கள். உணவு வைப்பவர் யாரெனத் தெரிந்தால் அவரிடமும் நேரில் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் வளவின் பின்னால் பற்றைக்காடு. இரவில் நரிகள் ஊளையிடுகின்றன. இரண்டு மாதத்துக்குள் ஐந்து கோழிகளும் ஒரு பூனைக்குட்டியும் போய்விட்டன. நஞ்சு வைக்கும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். வைக்கலாமா?
— வாசகர், தென்மராட்சி

பதில்: தயவுசெய்து நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு கலந்த இறைச்சியை முதலில் உண்பது உங்கள் நாயாகவோ அயலவரின் பூனையாகவோ இருக்கலாம். நஞ்சுண்ட நாயைத் துடிக்கத் துடிக்கத் தூக்கிவந்து என் முன்னால் நின்று அழுத பிள்ளைகளின் முகம் இன்றும் என் மனதை விட்டு நீங்கவில்லை. முதலில் வந்தது நரிதானா என்று பாருங்கள். கூட்டின் கூரையோ மேல் இடுக்கோ பிரிந்திருந்தால் அது மரநாய். பட்டப்பகலில் குஞ்சு போனால் கீரியாக இருக்கக்கூடும். அடியில் தோண்டியோ வேலிப் பொட்டால் நுழைந்தோ கோழியை முழுதாகக் கொண்டுபோயிருந்தால் நரியைச் சந்தேகிக்கலாம். வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். கிடுகு உக்கிய இடத்திலும் கறுக்குமட்டை விலகிய இடத்திலும் ஒரு பொட்டு இருக்கும். அதன் ஓரத்தில் மயிர் ஒட்டியிருக்கும். அதை அடைத்து, கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தி, மெல்லிய கோழிவலைக்குப் பதிலாகப் பற்றவைத்த தடித்த கம்பிவலையைப் பாவியுங்கள். கோழிவலை கோழியை உள்ளே மறிக்குமே தவிர நரியை வெளியே மறிக்காது. பொழுதுபடுமுன் கோழியையும் பூனையையும் அடைத்துவிடுங்கள்.

நாய் இரவில் நரியோடு சண்டையிட்டு வந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம். இலங்கையில் விசர்நோய் பெரும்பாலும் நாய்களாலேயே பரவுகிறது. ஆயினும் நரிகளிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. பகலில் தள்ளாடியபடி, ஆட்களுக்கு அஞ்சாமல் வரும் நரியை எவரும் நெருங்கக்கூடாது. நரியோ நாயோ உங்களைக் கடித்தால், கீறினால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். கழுவியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நோயின் குணங்குறி தோன்றிய பின்னர் காப்பாற்றும் மருந்து எங்களிடம் இல்லை.