அந்தக் கண்ணாடிப் பாத்திரம் எங்கே?

கேள்வி: என் கணவர் டாக்டர். ஜே-1 என்னும் பயிற்சி விசாவில் அமெரிக்கா வந்து பயிற்சி முடித்தவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் மூவாயிரம் பேர் வாழும் ஒரு ஊரில் 3 வருட ஒப்பந்தம். 14 மாதம் ஓடிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. கோவிலுக்குப் போக ஒமாஹாவுக்கு மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும். பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை. பிப்ரவரியில் என் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல் என்று அடுத்த வீட்டுக் கிழவி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஏதோ செய்து கொண்டுவந்தார். கறி கலந்திருந்ததால் கொட்டிவிட்டேன். கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த டேப்பும் கிழிந்து போனது. அந்த அளவுதான் இங்கே பழக்கம். மீதி 22 மாதத்துக்கு மகளோடு கோவையில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? - ஒரு வாசகி

பதில்: அந்தப் பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறது, அம்மா? அக்டோபர் வந்துவிட்டது. எட்டு மாதமாக உங்கள் சமையலறை அலமாரியில்தானே இருக்கிறது?

கிழிந்து போனதாகச் சொல்கிறீர்களே, அந்த டேப்பில் பேனாவால் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? அவர் பெயராகத்தான் இருக்கும். நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பதில்லையா, அதே வேலைதான். அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் சர்ச் விருந்துக்கும் துக்க வீட்டுக்கும் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்து எடுத்துப் போவார்கள். மாறிப் போகாமல் வீடு திரும்ப வேண்டுமே என்று அடியில் பெயர் ஒட்டுவார்கள்.

பிப்ரவரி மாத நெப்ராஸ்காவை நினைத்துப் பாருங்கள். வாசலெல்லாம் பனி உறைந்து வழுக்கும். இரண்டு கையும் சூடான பாத்திரத்தில் இருக்க, பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் ஒரு வயதான அம்மா படியேறி வந்திருக்கிறார். கறியைக் கொட்டியதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சாப்பாடு அவரவர் வழக்கம். ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கும் ஊரில் வளர்ந்தவர் நீங்கள். பாத்திரத்தையே கொடுக்காமல் இருக்க எப்படி மனசு வந்தது? உங்கள் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறாள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி மாதத்தை எண்ணுகிறார்கள். ஜே-1 டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் 2 வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம். டாக்டர் போதாத இடத்தில் 3 வருடம் உழைத்தால் அதிலிருந்து விலக்கு. அதிலும் ஒரு மாநில அரசு வருடத்துக்கு 30 பேருக்குத்தான் சிபாரிசு செய்ய முடியும். உங்கள் குடும்பம் அந்த நாட்டில் நிற்பதே அந்த ஊரால்தான். அப்படிப்பட்ட ஊர்களின் ஆஸ்பத்திரி பெரும்பாலும் 25 படுக்கைக்கு மேல் போகாது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால் அந்தக் கிழவியும் உங்கள் கணவரிடம்தான் ஓடி வர வேண்டும்.

பேச ஆளில்லை என்கிறீர்கள். எதிரே வரும் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இரண்டு விரலைத் தூக்குவார்களே, அது வணக்கம். பதிலுக்கு நீங்கள் கை தூக்கியதுண்டா? குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் நேரம் என்று நூலகத்தில் ஒன்று இருக்கும். மகளைக் கூட்டிப் போனீர்களா? வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்தில் இருக்கும். அந்தப் பக்கம் வீடு தீப்பிடித்தால் அணைக்க ஓடி வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்துக்காரர்கள். இவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

சரி, கோவை. ஒரு மாத லீவுக்குப் போய் வாருங்கள், அம்மா கையால் சாப்பிட்டு வாருங்கள். 22 மாதத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். டியூட்டி முடிந்து நடுராத்திரியில் ஒரு மனிதர் இருட்டு வீட்டைத் திறந்து தனியாக உள்ளே போவதா? நான்கு வயதுக் குழந்தை அப்பாவை போனில் மட்டும் பார்ப்பதா? கஷ்டத்தில் சேர்ந்திருக்கத்தான் குடும்பம். அந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள்தான்.

இந்த சனிக்கிழமை தேங்காய் பர்பி செய்யுங்கள். பாத்திரம் நிறைய அடுக்கி எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டு மணியை அடியுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். இத்தனை மாதம் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். கையோடு ஒரு துண்டு டேப்பும் பேனாவும் கொண்டு போய், அவர் பெயரை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.