திருடியவரை அடிக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டா?

கேள்வி: துணிக்கடையில் ஒருவர் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தார். ஊழியர்கள் விரட்டிப் பிடித்து, கீழே தள்ளி நாலு அறை விட்டார்கள். திருடியவர்தானே என்று அடிக்கலாமா?

பதில்: பிடித்தது சரி. அறைந்தது குற்றம். இந்த வித்தியாசம் புரியாமல்தான், புகார் கொடுக்கப் போகும் கடையே சில நேரம் வழக்கில் மாட்டிக்கொள்கிறது.

தப்பி ஓடாமல் நிறுத்த எவ்வளவு பலம் தேவையோ அவ்வளவுதான் அனுமதி. பல நாடுகளின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், சூழ்நிலைக்கு நியாயமான பலத்தை மட்டும் ஏற்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், திருடுகிறார் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் கடைக்காரர் ஒருவரைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கலாம். உயிருக்கு ஆபத்தான பலம் கூடாது. இந்தியாவில் சொத்தைக் காக்கவும் தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. கண்ணெதிரே திருடியவரைப் பொதுமக்கள் பிடித்தாலும், வீண் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

நடைமுறையில் பார்த்தால், வாசலை மறிப்பது, கையைப் பிடிப்பது, திமிறினால் இருவர் சேர்ந்து பிடித்து உட்காரவைப்பது எல்லாம் பொதுவாக வரம்புக்குள் வரும். ஆள் அடங்கிய பிறகு விழும் முதல் அறையே தாக்குதல்தான். குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்காருவதும் கழுத்தை இறுக்குவதும் வேண்டவே வேண்டாம், மூச்சுத் திணறி உயிரே போய்விடும். ஒரு சட்டைக்காக ஒருவர் சாகக் கூடாது. ஓடினால் ஓடட்டும், கேமரா பதிவு இருக்கிறது.

அதற்காக, அடி வாங்கியவரின் திருட்டு மறைந்துவிடாது. இரண்டும் தனித்தனி வழக்குகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் முறை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. இங்கிலாந்தில் திருட்டுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு. சிறைக்கே போகாவிட்டாலும், பதிவாகும் குற்றம் வேலைக்கும் விசாவுக்கும் விண்ணப்பிக்கும்போது குறுக்கே வந்து நிற்கும்.

கேள்வி: பணம் கட்ட மறந்து வெளியே வந்துவிட்டால் அதுவும் திருட்டா?

பதில்: இல்லை. திருட்டுக்கு நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். டேக்கைப் பிய்ப்பது, விலைச் சீட்டை மாற்றி ஒட்டுவது போன்றவைதான் அந்த எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும். வாசலைத் தாண்டினால்தான் திருட்டு என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. இந்தியச் சட்டப்படி, அபகரிக்கும் எண்ணத்தோடு பொருளை இருந்த இடத்திலிருந்து நகர்த்தினாலே போதும்.

கேள்வி: சந்தேகப்பட்டு என் தங்கையை உள் அறையில் பூட்டிவைத்து, பத்து மடங்கு பணம் கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் என்று மிரட்டினார்கள். அவள் எதையும் எடுக்கவில்லை.

பதில்: போலீசுக்குச் சொல்லாமல் அறையில் பூட்டுவது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். குற்றம் சாட்டுவேன் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பது மிரட்டிப் பறித்தல். இந்தியாவில் இரண்டுமே தண்டனைக்குரியவை. உடலையும் கைப்பையையும் வலுக்கட்டாயமாகச் சோதிக்கவும் கடைக்கு அதிகாரம் கிடையாது.

இப்படி மாட்டிக்கொண்டால் கைகலப்பில் இறங்க வேண்டாம். "போலீசைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் காட்டுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லட்டும். கடைக்காரர்கள் நீட்டும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே கூடாது, அதுவே பிறகு ஒப்புதல் வாக்குமூலம் போலக் காட்டப்படும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். காயம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். கேமரா பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடலாம். அதனால் தேதி, நேரம் குறிப்பிட்டு, அதை அழிக்கக் கூடாது என்று இன்றே கடைக்கு எழுத்தில் கொடுத்து, போலீஸ் புகாரோடு அதன் நகலையும் இணையுங்கள்.