பதில்: அப்பாவோடு ‘தி வால்’ பெர்லின் படம் பார்ப்பது

மல்லேஸ்வரத்தில் அப்பாவுடன் 1990 பெர்லின் கச்சேரிப் படத்தைப் பார்க்க உட்கார்ந்து, “இது பிங்க் ஃபிளாய்டே இல்லை” என்று அவர் பாதியில் எழுந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான். அந்த ஆங்கிலேய ராக் குழுவிலிருந்து மேடையில் இருப்பது ராஜர் வாட்டர்ஸ் மட்டும். குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோர் இல்லை. குழுவின் 1979 ‘தி வால்’ இசைத்தட்டையே நாற்பது வருடமாகக் கேட்ட காதுக்கு, கில்மோர் பாடிய ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ வரிகளை வட அயர்லாந்துப் பாடகர் வான் மாரிசன் குரலில் கேட்பது பெரிய அதிர்ச்சி.

அதனால் அந்தப் பாட்டிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். ஒரே கீர்த்தனைக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு பாடாந்தரம், அதாவது பாடும் முறை, இருப்பதுபோல மாரிசன் தன் வழியில் பாடுகிறார். எனக்கு அதில் வேறொரு வலி கேட்கிறது. அந்த ஒரு பாட்டுக்காகவே இந்தப் படத்தை வைத்திருக்கிறேன்.

அப்புறம் இடத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள். கச்சேரி நடந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் அதுவரை இரண்டு பெர்லின்களுக்கும் நடுவே ஆளில்லாத வெற்று நிலம். நிஜமான பெர்லின் சுவர் திறந்து எட்டே மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பாதி முழுக்க மேடையில் சுவர் எழும்பிக்கொண்டே வரும். கடைசியில் அது சரியும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தை எந்த ஸ்டூடியோவிலும் பதிவு செய்ய முடியாது.

டிவி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பாஸ் கிடாரே காணாமல் போய்விடும். அப்பாவின் பழைய ஸ்டீரியோவோடு இணைத்துவிடுங்கள். வயரைக் கோக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.