வரையாட்டின் வயதையும் கொம்பின் அளவையும் தூரத்திலிருந்தே எப்படிக் கணிப்பது?

மேலப்பாளையம் சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து, பல்லை எண்ணி வயது சொல்லிவிடுவார்கள். களக்காடு, முண்டந்துறை மலைகளின் உச்சிப் பாறையில் நிற்கும் வரையாட்டிடம் அது நடக்காது. அங்கே கொம்புதான் கணக்கு.

கொம்பு என்பது எலும்பின் மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன ஓர் உறை. மானின் கிளைக்கொம்பு போல விழுந்து முளைப்பதில்லை. அடியிலிருந்து வாழ்நாள் முழுக்க வளரும். தீனி நன்றாகக் கிடைக்கும் காலத்தில் வேகமாக வளரும், தீனி குறைந்தால் தேங்கும். தேங்கிய இடம் ஆழமான வளையமாகப் பதியும், வெட்டிய மரத்தில் தெரியும் ஆண்டு வளையம் மாதிரி. நுனியில் இருப்பது குட்டிப் பருவம், அடியில் இருப்பது இந்த வருடம்.

தூரத்தில் வளையம் தெரியாது. அதனால் காதை அளவுகோலாக்கி, கொம்பு எத்தனை காது நீளம் என்று பார்க்கலாம். கிடாவின் கொம்பு தடிமனாக, சுமார் 40 செ.மீ. நீளம் வரை வளர்ந்து பின்னோக்கி வளையும். பெட்டைக்கும் கொம்பு உண்டு; குட்டை, மெல்லிசு. கிடாவுக்கு உடம்பு கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிர்த்திட்டு இருந்தால் நன்கு முதிர்ந்தது. எனக்கு அதுதான் மிக நம்பகமான அடையாளம்.

பலரும் கொம்பின் எல்லாச் சுருக்கங்களையும் வருடமாக எண்ணிவிடுகிறார்கள். சின்னச் சுருக்கங்கள் வெறும் மேடுபள்ளம், ஆழமான வளையம் மட்டுமே ஓர் ஆண்டு.