பழைய பல்வரைசர் வாங்கும் முன்

கேள்வி: மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் அரைத்து விற்கப் போகிறேன். 10 எச்.பி. பழைய பல்வரைசர் (தூள் அரைக்கும் மெஷின்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயின்ட். ஓட்டியும் காட்டினார்கள், சத்தமே இல்லை. வாங்கலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: சரக்குப் போடாமல் ஓட்டினால் எந்த மெஷினும் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். இதற்கு முன் அதில் என்ன அரைத்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். சுண்ணாம்புக்கல், உரம், பூச்சிமருந்து என்று தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வெல்டிங் இடுக்கிலும் ப்ளோயர் குழாயிலும் படிந்ததை முழுசாகக் கழுவி எடுக்க முடியாது.

மெயினை அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சுழன்று சரக்கை அடிக்கும் பீட்டரின் முனை கூர்மூலையாக இருக்க வேண்டும். உருண்டு போயிருந்தால் அடிக்காது, தேய்க்கும். தூள் சூடாகி மிளகாயின் நிறம் மங்கும், சல்லடையும் அடைக்கும். ஆனால் பீட்டர் மாற்றக்கூடிய சாமான்தான், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்டால் போதும். பீட்டர் தொங்கும் பின், ரோட்டார் (சுழலும் பாகம்) தட்டில் நுழைகிற துளையைப் பாருங்கள். அது முட்டை வடிவில் இழுபட்டிருந்தால் தட்டையே மாற்ற வேண்டும். அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை மேலே தூக்கி ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் நீலம் பாய்ந்து தேய்ந்திருந்தால் புதுப் பேரிங்கும் நிற்காது.

புல்லிகளையும் அளந்துகொள்ளுங்கள். 1440 வேக மோட்டாரில் 8 அங்குலம், மெஷினில் 4 அங்குலம் என்றால் ரோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று சுற்றும். மெஷின் பிளேட்டில் உள்ள வேகத்தை இது தாண்டினால், அதிக அரவை காட்ட யாரோ புல்லி மாற்றியிருக்கிறார்கள்.

இத்தனையும் தேறினால், நன்றாகக் காய்ந்த உங்கள் சொந்த மஞ்சள் 25 கிலோவை எடுத்துப் போய் அரையுங்கள். 415 வோல்ட்டில் 10 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமை சுமார் 14 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரில் (ஆம்பியர் அளக்கும் கருவி) மூன்று பேஸும் அதைத் தாண்டாமல், ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பேரிங் கூட்டில் கை வையுங்கள். கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது. வந்த தூளையும் எடை போடுங்கள். கணிசமாகக் குறைந்தால், காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோன், துணிப்பை இரண்டில் எங்கேயோ ஒழுகுகிறது.

கேள்வி: உடைந்த இரண்டு பீட்டரை மட்டும் மாற்றினோம். மெஷின் அதிர்கிறது. ஏன்?

பதில்: புதுசு கனம், பழசு தேய்மானம். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடினாலே, 2880 சுற்றில் ஏறக்குறைய 18 கிலோ பாரம் ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். பேரிங் தாங்காது. மாற்றினால் முழு செட்டாக மாற்றுங்கள். எலக்ட்ரானிக் தராசில் எடை போட்டு, எடை ஒத்தவற்றை எதிரெதிர்ப் பின்களில் மாட்டுங்கள்.

கேள்வி: மெஷினில் காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே?

பதில்: இல்லை. 202 என்ற மலிவு ரகத்திலும் ஒட்டாது. ஸ்டீல் கடைகளில் விற்கும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியால் தொட்டால் 202 சிவக்கும். பீட்டரில் காந்தம் ஒட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது பெரும்பாலும் கடினப்படுத்திய இரும்புதான். அதன் தேய்மானத் துகள் தூளில் கலக்கும் என்பதால், காந்தத்தைச் சரக்கு விழும் ஹாப்பரில் ஒன்று, தூள் இறங்கும் வழியில் ஒன்று என்று வைத்து, தினமும் துடைத்து விடுங்கள்.