சாப்பாட்டுக் கோப்பையும் தலைவர் பதவியும்

கேள்வி: எங்கள் ஆண் நாய்க்கு மூன்று வயது. சாப்பிடும்போது யாராவது கிட்டப் போனால் உறுமுகிறது. "தன்னைக் கூட்டத்தின் தலைவன் என்று நினைக்கிறது. மல்லாக்கப் புரட்டி அமத்திப் பிடியுங்கள், நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்கு வையுங்கள்" என்கிறார் பழக்க வருபவர். தலைவனுக்குப் பயந்துதான் நாய்கள் ஒற்றுமையாக இருக்கின்றனவா, டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: புரட்டுகிற வேலையை இன்றே நிறுத்துங்கள், பிள்ளை. இல்லாவிட்டால் ஒரு நாள் கட்டாயம் கடி வாங்குவீர்கள்.

இந்தத் தலைவர் கதை ஓநாய்களிடமிருந்து வந்தது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, கூட்டத்தில் தலைவர் பதவிக்குச் சண்டை நடக்கிறது என்று 1947இல் எழுதினார். அடைத்த இடத்தில் சண்டைக்குக் குறைவிருக்குமா? ஓநாய்களை ஆராய்ந்த அமெரிக்கர் டேவிட் மீச்சும் 1970இல் வந்த தன் நூலில் அதே கருத்தைச் சொன்னார். பிறகு 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை போய் காட்டு ஓநாய்களைப் பார்த்தார். அங்கே கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள், குடும்பம், அவ்வளவுதான். 1999இல் அதை எழுதியதோடு, பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடமும் கேட்டுக்கொண்டார். நாய் பழக்குகிறவர்களில் பலர் இன்னும் அந்தப் பழைய நூலிலேயே நிற்கிறார்கள்.

நாய்களுக்குள் மேல் கீழ் இருக்கத்தான் செய்கிறது. ரோம் நகரத் தெருநாய்களிலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் யார் பின்னால் போவது என்று வரும்போது, அடக்கி வைக்கிற நாயைவிடப் பலரோடு நேசமாகப் பழகுகிற நாய்க்கே வாய்ப்பு அதிகம். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஒன்று இருக்கிறது. எந்த நாயையும் கடித்து விரட்டி நான் கண்டதில்லை. பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டு அது எழும்பினால், மற்றவை வாலாட்டிக்கொண்டு பின்னால் போகும்.

ஆஸ்திரியாவில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மிருகங்கள் ஒரே நேரத்தில் கயிற்றின் இரு முனைகளையும் இழுத்தால்தான் தட்டு கிட்ட வரும். ஓநாய்கள் செய்துவிட்டன. நாய்ச் சோடிகள் பெரும்பாலும் தோற்றன. ஒன்று கயிற்றருகே நின்றால் மற்றது ஒதுங்கிவிடும், வம்பு வேண்டாம் என்று. படிநிலை அங்கே கூட்டுவேலைக்குத் தடையாகத்தான் நின்றது. அதே நாய் மனிதர் விரல் காட்டும் பக்கம் உடனே திரும்பும்!

இனி உங்கள் வீட்டு விஷயம். உறுமல் என்றால் "கிட்ட வராதே, என் சாப்பாடு போய்விடும்" என்ற பயம். அதற்கு அடித்தால் உறுமாமலே கடிக்கப் பழகும். உறுமுகிற நாயை எனக்குப் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே! அது சாப்பிடும்போது உறுமாத தூரத்தில் நின்று, எலும்பில்லாத அவித்த கோழித் துண்டொன்றை எறிந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஆள் வந்தால் சாப்பாடு கூடுகிறது என்று அதற்கு விளங்கட்டும். உடம்பு இளகி வாலாட்டத் தொடங்கிய பிறகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போங்கள். யார் முதலில் சாப்பிடுவது என்பது உங்கள் வசதி, நாய்க்கு அதில் ஒன்றுமில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். உறுமல் புதிதாகத் தொடங்கியதென்றால் முதலில் பல்லையும் காதையும் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நோவு இருந்தாலும் நாய் இப்படித்தான் சீறும்.